பட்டுப்போன முருங்கையும் பேரில்லாத நாயும்

எங்கள் ஊர் நாய்க்கும் இந்த நாட்டு நாய்க்கும் என்ன வித்தியாசம் என்று அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. நாய்க்கு முன்னால் நின்று, குனிந்து, நிலத்தைத் தொட வேண்டும். யாழ்ப்பாணத்து நாய் என்றால் கல்லெடுக்கப் போகிறார்கள் என்று விளங்கி, வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் பறந்துவிடும். கல் இருக்கத் தேவையில்லை, குனிந்தால் போதும். மெல்பேர்ண் நாயோ ஓடிவந்து உங்கள் முன்னால் குந்தி, வாலால் நிலத்தைக் கூட்டி, "எறி, எப்ப எறியப்போறாய்?" என்று கண்ணால் கேட்கும்.

அம்மாவுக்கு இது தெரியாது. நாய் வீட்டுக்கு வந்த அன்று பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், அது கிட்ட வரவும் பழைய பழக்கத்தில் குனிந்தார். நாய் ஓடிவந்து குந்தியது. அம்மா இன்னும் குனிந்தார். நாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் மெய்யாகவே ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினார். அது துள்ளிக் குதித்து, நாக்கைத் தொங்கப்போட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்து திரும்பவும் குந்தியது. வாழ்நாள் முழுவதும் கைகொடுத்த ஆயுதம் மெல்பேர்ண் புறநகரான வெரிபீயில் வைத்து அம்மாவைக் கைவிட்டுவிட்டது. கல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி வந்தார்.

"உதுக்கு மூளையில ஏதோ பிழை, பிள்ளை. கல்லெடுத்தாச் சிரிக்குது."

நாயைக் கொண்டுவந்தது நான்தான். கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகத்தில் கண்டது. கெல்பி என்ற ஆட்டுமந்தை நாயின் கலப்பு. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது எப்போதும் யோசித்துக்கொண்டிருப்பதுபோல மடிந்து கிடக்கும். இரவுச் சாப்பாட்டு மேசையில் மாதக்கணக்காக நாய்ப் படங்கள் காட்டி நான் நடத்திய போராட்டத்தின் முடிவில், அம்மா ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்.

"தீபாவளி மட்டுக்கும் நிக்கட்டும். அதுக்கிடையில ஒரேயொரு பிரச்சினை வந்தாலும் எடுத்த இடத்திலயே கொண்டுபோய் விடவேணும். பேரும் வைக்கக்கூடாது. பேர் வைச்சா பேந்து அனுப்ப ஏலாது."

எனக்கு எந்த வேலையும் உடனே நடக்க வேண்டும், உச்சத்தில் நடக்க வேண்டும். நாய் வளர்ப்புப் பற்றி நூலகத்தில் இருந்த அத்தனை புத்தகத்தையும் வாசித்து முடித்திருந்தேன். பேர்கள் மட்டும் இரண்டு பக்கத்துக்கு யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு "ஓம், ஓம்" என்றேன். தீபாவளி வரைக்கும் அந்த நாய்க்குப் பேரில்லை. நான் விசிலடிப்பேன். அப்பா "இஞ்ச வா" என்பார். அம்மா மட்டும் நாள் முழுக்க ஓயாமல் "சூ, சூ" என்று துரத்துவார். குசினிக்குள் தலை நீட்டினால் சூ. சாமியறைப் பக்கம் போனால் சூ. உடுப்புக் கூடைக்குக் கிட்டப் போனால் பெரிய சூ. இவ்வளவு தரம் ஒருவர் தன்னைப் பார்த்து ஒரே சொல்லைச் சொன்னால் நாய் என்ன நினைக்கும்? அம்மா "சூ" என்றால் வளவின் எந்த மூலையில் நின்றாலும் ஓடிவரத் தொடங்கியது. அம்மா இன்னும் பலமாகச் சூ என்பார். அது இன்னும் வேகமாக வரும்.

தடி எறிவதைத் தொடக்கி வைத்ததும் நான்தான். ஆனால் எங்கள் குடியிருப்பில் ஒரு தடி கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. எல்லாம் புது வீடுகள். தெருவோரத்து மரங்கள் என் கைத்தடிப்பில், காற்றுக்கு விழாமல் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிற்கும். அதிலிருந்து ஒரு கொப்பு விழ இன்னும் பத்து வருடமாவது செல்லும். ஆற்றங்கரைவரை நடந்துபோய் ஒரு யூகலிப்டஸ் தடியைத் தேடி எடுத்துவந்து, பின்வளவில் நின்று எறிந்தேன். நாய் பாய்ந்தது. ஜன்னலைத் திறந்துகொண்டு அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை நாய்க்கு எறியிறாய்? அது உன்னை என்ன செய்தது?"

"எறிஞ்சா அது எடுத்துக்கொண்டு வரும் அப்பா."

"கொண்டுவந்து?"

"திரும்ப எறியவேணும்."

அப்பா நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஆர் ஆரைப் பழக்கிறது?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து, களஞ்சிய வேலைக்கு விடுப்பெடுத்துக்கொண்டு வீட்டிலிருந்த காலம் அவருக்கு. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து ஊர்ச் செய்தி பார்ப்பது, இடைக்கிடை எழும்பிப்போய் முருங்கையைப் பார்ப்பது, இவைதான் வேலை. முருங்கை என்றால் எங்கள் வீட்டில் அது நாலாவது ஆள். கன்றாக வாங்கி, இரண்டு கோடையில் வேலிக்கு மேலே வளர்த்தெடுத்திருந்தார். அந்தக் குளிர்காலத்து உறைபனியில் ஓர் இலை மிச்சமில்லாமல் கருகிப்போனது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வேர் உயிரோட இருக்கு, ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சட்டம் போட்டார். விருந்தாளிகளுக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த கம்பளிப் போர்வையால் அதன் அடியைச் சுற்றிக் கட்டினார். பக்கத்தில் உடுப்புக் காயப்போடவும் தடை. பொங்கல் வரட்டும், பூக்கும் என்று ரெலிபோனில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் நாய்ப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். அங்கேதான் என் வாழ்க்கை மாறியது. கையில் தடியோடு வந்திருந்த என்னைப் பார்த்து, பயிற்சி கொடுக்கும் பெண்மணி அதை மெல்ல வாங்கி வேலிக்கு அப்பால் போட்டார். பிறகு சொன்னார். எறிந்த தடி சிலவேளை ஒரு முனை நிலத்தில் குத்தி, மறுமுனை வானத்தைப் பார்த்து நிற்கும். வாயைத் திறந்துகொண்டு முழு வேகத்தில் ஓடிவருகிற நாய்க்கு அது ஈட்டி. நேரே தொண்டைக்குள் போய்விடும். கடித்தால் சிராய் தெறித்து நாக்குக்கு அடியில் ஏறி, நாள்கணக்கில் வெளியே தெரியாமல் சீழ் பிடிக்கும். துண்டு உடைந்தால் மேலண்ணத்தில், இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் நடுவில், பாலம்போலக் குறுக்கே இறுகிவிடும். நாயால் தானாக எடுக்க முடியாது.

ஒரு விஷயம் தெரியவந்தால் அதை உடனே உலகத்துக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பூங்காவில் தடி எறிகிற முன்பின் தெரியாத ஆட்களிடம் போய்ப் பிரசங்கம் செய்தேன். ஒரு கிழவர் காது கேட்கும் கருவியை என் கண்முன்னாலேயே நிறுத்தினார். வீட்டில் இன்னும் மோசம். அம்மா நாடகம் பார்க்கும் நேரத்தில் மடிக்கணினியை ரீவியில் பொருத்தி, தடியின் ஆபத்துகளைப் படம் படமாகக் காட்டி விளக்கினேன்.

"சாப்பிடுற நேரம் உந்தப் படத்தையே காட்டுவாய்?" என்று அம்மா சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். அப்பாதான் கடைசிவரை இருந்து கேட்டார். கேள்வியும் கேட்டார்.

"எல்லாத் தடியுமோ, இல்லாட்டி வயிரமான தடி மட்டுமோ?"

"எல்லாத் தடியும் அப்பா."

"மெத்தெண்ட தடியெண்டா?"

"அதுதான் லேசா உடையும். இன்னும் கூடாது."

"ம்ம்" என்று தலையாட்டினார். நல்ல மாணவன் கிடைத்துவிட்டான் என்று நான் பூரித்துப்போனேன். கயிற்று முடிச்சு, ரப்பர் வளையம், சத்தமிடும் பந்து என்று கடையையே வாங்கி வந்து கொட்டினேன். நாய் அவற்றை மணந்து பார்த்துவிட்டு, எனக்கு அவமானமாகிவிடக் கூடாது என்பதுபோல ஒரு முறை மட்டும் எடுத்து வந்து வைத்தது.

வாரத்தில் மூன்று நாள் நான் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவேன். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அந்த நாட்களில் வீட்டில் அப்பாவும் நாயும் மட்டும்தான். நான் திரும்பி வரும்போது நாய் களைத்து, திருப்தியாக, அப்பாவின் காலடியில் படுத்திருக்கும். "நல்ல அமைதியான நாய்" என்பார் அப்பா. என் பயிற்சி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம். ஒரு பிரச்சினையும் இல்லாமல் கரையைத் தொட ஓர் இரவுதான் பாக்கி. பலகாரம் சுடுவதற்குப் பக்கத்து வீட்டு அன்ரி வந்திருந்தார். அம்மா தாச்சியில் முறுக்கைத் திருப்பிப் போட, அன்ரி முறுக்கு உரலைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் இருந்து ருசி பார்க்கும் பொறுப்பைக் கவனித்தேன். பின்கதவால் நாய் உள்ளே வந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது.

"பாருங்கோ, முறுக்கு வாசத்துக்கு வீணி வடியுது" என்று சிரித்தார் அன்ரி.

"சூ" என்றார் அம்மா.

நாய் வழக்கம்போல அம்மாவை நோக்கி வந்தது. ஆனால் வாய் மூடவில்லை. தலையை அங்குமிங்கும் உதறியது. எச்சில் அலுமாரிக் கதவுகளில் தெறித்தது. முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டியது. கண் பிதுங்கி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு விநோதமான சத்தம். நுரை.

அன்ரி உரலோடு எழுந்தார். "ஐயோ, விசர்! விசர் பிடிச்சிட்டுது!"

வெறிநாய் நோயைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு ஊரில் பிறந்தவர்களின் உடம்பில் என்ன சக்தி இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அம்மா ஒரே அசைவில் அடுப்பை நிறுத்தி, எண்ணெய்க் கரண்டியோடு மேசைமேல் ஏறிவிட்டார். அன்ரி கதிரைமேல். நான் முறுக்குத் தட்டோடு நடுவில்.

"தள்ளி நில் பிள்ளை, தள்ளி நில்! எச்சில் பட்டாலே காணும்!"

"அம்மா, இந்த நாட்டில விசர்நாய் இல்லை!"

"இல்லாட்டி இப்ப வந்திட்டுது" என்றார் அன்ரி கதிரைமேலிருந்து. "கொரோனாவும் எங்கையோ தூரத்தில எண்டுதானே முதல்ல சொன்னவை!"

"அன்ரி, ஆஸ்திரேலியாவில நாய்க்கு..."

"எங்கட சித்தப்பாவைக் கடிச்சு, தொப்புளைச் சுத்தி ஊசி போட்டவை. ஆம்பிளை, ஊர் கேக்கக் கத்தினவர். உனக்கென்ன தெரியும்? தண்ணி வையடி. தண்ணியைக் கண்டு பயந்தா விசர்தான்."

நான் தண்ணீர்க் கோப்பையை வைத்தேன். நாய் மணந்து பார்த்தது. வாய் மூடாததால் குடிக்க முடியாமல் பின்வாங்கியது.

"பாத்தியே!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

சத்தம் கேட்டு அப்பா பின்வளவிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். நாயைக் கண்டார். மேசைமேல் நிற்கும் மனைவியைக் கண்டார். அவர் முகத்தில் பயம் இல்லை, வேறு ஏதோ இருந்தது. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

"நான் வாயைத் திறந்து பாக்கிறன்" என்றார்.

"தொடாதேங்கோப்பா! கடிச்சா நான் என்ன செய்யிறது?" என்றார் அம்மா மேசைமேலிருந்து.

"கடிக்காது."

"என்னெண்டு தெரியும்?"

அப்பா முழங்கால் வலியையும் மறந்து நிலத்தில் குந்தி, நாயின் தாடையை இரண்டு கையாலும் பிடித்தார். நான் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். மேலண்ணத்தில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில், குறுக்கே, பாலம்போல ஒரு தடித் துண்டு. என் ரீவிப் படத்தில் மூன்றாவதாக வந்தது அப்படியே.

"தடி!" என்று கத்தினேன். "அம்மா, விசரில்லை, தடி! நான் சொன்னனான் எல்லோ!"

நான் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷம் ஒரு நொடிதான். அப்பா விரலை விட்டுப் பார்க்க, நாய் வீரிட்டது, எச்சிலோடு இரத்தமும் வந்தது. இழுத்தால் கிழியும். துண்டை விழுங்கினால் இன்னும் மோசம். அதற்குப் பிறகு இன்னொரு நினைப்பு நெஞ்சில் விழுந்தது. இது பிரச்சினை. அம்மா சொன்ன அந்த ஒரேயொரு பிரச்சினை.

அப்பாவால் இன்னும் கார் ஓட்ட முடியாது. நான் ஓட்டினேன். அப்பா முன்னுக்கு. நாயைப் பின்சீற்றில் யாராவது பிடித்திருக்க வேண்டுமே என்று நான் சொல்லி முடிக்குமுன், அம்மா கராஜுக்குள் வந்து நின்றார். வேலைக்குக் கொண்டுபோகும் நீலக் கையுறை, முகக்கவசம், பிளாஸ்டிக் மேலங்கி. விசரில்லை என்று நம்பியவராகத் தெரியவில்லை. ஆனாலும் ஏறினார். அன்ரி எண்ணெய்க்குக் காவல் இருந்தார்.

மிருக வைத்தியரிடம் போகும் வழி முழுக்க வாகன நெரிசல். கண்ணாடியில் பார்த்தேன். நாய் தலையை அம்மாவின் மடியில் வைத்திருந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கையுறை போட்ட ஒரு கை மட்டும், தனக்குச் சம்பந்தமில்லாததுபோல, அந்த மடிந்த காதின்மேல் இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் நாயின் பேரைக் கேட்டார். நான் யோசித்து வைத்திருந்த இரண்டு பக்கப் பேரும் ஒரு கணத்தில் மறந்துபோனது. அந்த நேரம் பார்த்து நாய் தலையை உதறி, மேசையைப் பார்த்துப் பாய, அம்மா தன்னை மறந்து அதட்டினார்.

"சூ!"

நாய் உடனே திரும்பி, அம்மாவின் காலடியில் வந்து நின்றது. அந்தப் பெண் அதைப் பார்த்தார், அழகாகச் சிரித்தார், கணினியில் பேரைப் பதிந்தார். நான் திருத்தவில்லை.

மயக்க மருந்து கொடுத்து, உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூவரும் சுவரில் இருந்த பூனைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா எழும்புவார், நடப்பார், இருப்பார். "முழங்காலுக்குக் கூடாது, இருங்கோ" என்றார் அம்மா. அவர் கேட்கவில்லை.

வைத்தியர் வெளியே வந்தார், எனக்கு ஓரிரண்டு வயது மூத்த பெண்ணாக இருப்பார். பயப்பட ஒன்றுமில்லை, நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார். நாக்குக்கு அடியிலும் ஒரு சிராய் இருந்ததாம், அதையும் எடுத்துவிட்டாராம். பிறகு, தடி எறிவதைப் பற்றி நான் ஊருக்கெல்லாம் செய்த அதே பிரசங்கத்தை எனக்கே செய்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

எடுத்த துண்டைச் சின்னப் போத்தலில் போட்டு மேசையில் வைத்தார். "இது என்ன மரம்? மிகவும் மென்மையாக இருக்கிறது, நான் பார்த்ததில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

அம்மா முகக்கவசத்தை இறக்கினார். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் பட்டை, உள்ளே தக்கைபோல வெள்ளை.

"என்னப்பா," என்றார் தமிழில், மிக மெதுவாக. "இது முருங்கை எல்லோ?"

அப்பா பூனைப் படத்தைப் பார்த்தார்.

"ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு சட்டம் போட்டது ஆர்? என்ர உடுப்பைக்கூட அதில படவிடேல்லை. அதுக்கு என்ர புதுப் போர்வை!"

"இஞ்சரும், கொஞ்சம் மெல்லமாக் கதையும்..."

"அவளுக்குத் தமிழ் விளங்காது. சொல்லுங்கோ!"

வைத்தியர் என்னைப் பார்த்தார். குடும்ப விஷயம் என்றேன்.

"அது பட்டுப்போச்சு" என்றார் அப்பா கடைசியில். "எப்பவோ பட்டுப்போச்சு. எனக்குத் தெரியும். ஒருநாள் இது தானா ஒரு கொப்பை முறிச்சுக்கொண்டு வந்து என்ர கால்ல வைச்சுது. எனக்கு அதைப் பாக்க விசர்க் கோபம். வேலிப் பக்கம் தூக்கி எறிஞ்சன். திரும்பக் கொண்டுவந்து வைச்சுது." முழங்காலைத் தடவினார். "நான் அண்டைக்குத்தான் கதிரையை மறந்து வளவு முழுக்க நடந்தனான்."

"படம் போட்டுக் காட்டினன் அப்பா! கேள்வியெல்லாம் கேட்டியளே!"

"முருங்கை மெத்தெண்ட தடியெல்லோ பிள்ளை, ஒண்டும் செய்யாதெண்டு நினைச்சன்."

அம்மா முகக்கவசத்தைத் திரும்ப மாட்டினார். மயக்கம் தெளியாத நாயைத் துவாயில் சுற்றிக் காரில் ஏற்றினோம். பாதி வழியில் பின்சீற்றிலிருந்து தீர்ப்பு வந்தது.

"சொன்னது சொன்னதுதான். பிரச்சினை வந்தா அனுப்புறதெண்டுதானே கதை."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். அப்பா முன்னால் போகும் லொறியைப் பார்த்தார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு துருப்புச் சீட்டு. அதைப் போட்டேன்.

"பேர் வைச்சா அனுப்ப ஏலாதெண்டும் சொன்னனீங்கள் அம்மா."

"ஆர் பேர் வைச்சது?"

"நீங்கள். அங்க மேசையில. கணினியிலயும் பதிஞ்சாச்சு."

ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. கண்ணாடியில் அம்மாவின் வாய் கோணி, நேராகி, திரும்பக் கோணியது. சிரிப்பை அடக்கும்போது அவருக்கு அப்படித்தான் வரும்.

"அப்ப முருங்கை போகட்டும்" என்றார்.

தீபாவளிக் காலை, எண்ணெய் வைத்து முழுகிவிட்டு, புது உடுப்பைப் போடுமுன் அப்பா மண்வெட்டியோடு பின்வளவுக்குப் போனார். போர்வையை அவிழ்த்து, கொப்புகளை அடியோடு அறுத்து, தோட்டக் குப்பைக்கான பச்சை மூடித் தொட்டிக்குள் போட்டார். பிறகு அடியைக் கிண்டினார். திடீரென்று ஒரு கூச்சல்.

"இஞ்ச வாங்கோ! கெதியா வாங்கோ!"

ஓடினோம். வெட்டுப்பட்ட வேர் வெள்ளையாக, ஈரமாக, கடுகுபோலக் காரமாக மணத்தது.

"உயிரோட இருக்கு! நான் சொன்னனான் எல்லோ!"

அம்மா தலையில் கட்டிய துவாயோடு நின்று வேரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "சரி, மூடுங்கோ. சுத்திவரக் கம்பி வேலி அடியுங்கோ. காய் தந்தா தரட்டும். தடி மட்டும் தரக்கூடாது."

தொட்டிக்குப் போகாமல் தப்பிய ஒரு சுள்ளி புல்லில் கிடந்தது. அதை எடுக்க அம்மா குனிந்தார். குழைத்த சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு, வாய்க் காயத்தோடு, நாய் குசினிக் கதவால் பாய்ந்து வந்து அவர் முன்னால் குந்தி, வாலால் நிலத்தைக் கூட்டியது.

"சூ" என்றார் அம்மா.

அது இன்னும் கிட்ட வந்தது.